நுன்சியோவின் சாவு அறிவிப்பு

காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ரொசாரியா ஒரு பானை கோழிச் சாற்றோடு வாசலில் வந்து நின்று மூக்கைச் சிந்தியபோது இன்கொரோனாத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எழவு வீட்ல அடுப்பு மூட்டக்கூடாதுல்ல, அதான் நானே கொண்டாந்துட்டேன். அப்பா இப்படிப் போயிட்டாரேடி."

"எங்க போனாரு? உள்ள சவரம் பண்ணிட்டிருக்காரு."

ரொசாரியா பானையை இறக்கிவிட்டு அவளைச் சந்தைச் சுவருக்கு இழுத்துப் போனாள். கறுப்புக் கரை போட்ட அறிவிப்பு: நுன்சியோ லாரோக்கா, வயது எண்பத்தொன்று. இந்த ஊரில் செய்தித்தாளை யார் நம்புகிறார்கள்? சுவர் சொன்னால் வேதவாக்கு.

ஒட்டியவர்கள் சினிமாக்காரர்கள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையைப் படம் பிடிக்கிறோம் என்று ஒரு மாதமாக ஊரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். சரி, கதையில் கிழவர் சாகட்டும். அதற்கு அப்பா பெயர் எப்படிப் போனது? கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"நான்தான் குடுத்தேன்," என்றார் நுன்சியோ, முகமெல்லாம் சோப்பு நுரையோடு. "படத்துல பேரனுக்குத் தாத்தா பேராம். கதையிலயாவது என் பேரு ஒருத்தனுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது இங்கே ஞானஸ்நானத்துக்கும் முந்திய சட்டம். தம்பி சபீனோ தன் மகனுக்கு லோரிஸ் என்று வைத்தான். "நான் உசிரோட இருக்கிறவரைக்கும் என் வாசப்படி மிதிக்காதே" என்றுவிட்டார் அப்பா. பதினாறு வருஷமாக அந்தப் பேரனின் பெயரை அவர் வாயில் எடுத்ததில்லை. கழுதைகூட இவரிடம் பிடிவாதம் கற்றுக்கொள்ளலாம்.

"நேப்பிள்ஸுக்குப் போன் போட்டுட்டேன்டி," என்று பின்னாலேயே வந்திருந்த ரொசாரியா இழுத்தாள். "சபீனோ கிளம்பிட்டானாம்."

இன்கொரோனாத்தா போனை எடுத்தாள்.

"வை அதை," என்றார் அப்பா. "வர்றானா பாப்போம்."

அவளுக்கும் பார்க்கவேண்டும் போலிருந்தது. வெட்கத்தோடு போனை வைத்தாள்.

மதியம் சபீனோ வந்தான். கறுப்புச் சட்டை, வீங்கிய கண். படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"இப்ப உள்ள வரலாமாக்கா?"

பின்னால் நாற்காலி நகர்ந்தது. அப்பா வந்து நின்றார். சபீனோவின் முகம் வெளுத்தது, பிறகு கோபத்தில் சிவந்தது. தெருப்பக்கம் திரும்பினான். இன்று போனால் உண்மைச் சாவுக்கும் இவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

கிழவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"லோரிஸக் கூட்டிட்டு வரலையாடா?"