ஞாயிற்றுக்கிழமை முட்டை

என் மகள் வாராவாரம் என்னைப் பார்க்க வருகிறாள் என்று ஊருக்குப் பீற்றிக்கொள்ளலாம். வந்ததென்னவோ கோழியைப் பார்க்கத்தான். அவளும் அவள் அம்மாவும் தனியாகப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் கோழிக்கு இடமில்லை. அதனால் கோழி மகாராணி என்னோடு, என் இரண்டாம் மாடி பால்கனியிலேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மகள் வருவாள். கோழிக்குத் தீவனம் வைப்பாள், என்னிடம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் அளப்பாள். கடைசியில் கூண்டுக்குள் கைவிட்டு முட்டையை எடுத்து, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கீழே ஸ்கூட்டரில் காத்திருக்கும் அம்மாவிடம் ஓடுவாள்.

பகல் குறையத் தொடங்கியதும் மகாராணி முட்டையை நிறுத்தினாள். கோழிகளுக்கு அது ஓய்வுக் காலம். முதல் ஞாயிறு மகள் வெறும் கூண்டைத் தடவிவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. பாட்டு வகுப்பாம். அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை.

நான் எலக்ட்ரீஷியன். ஊரார் வீட்டுக்கெல்லாம் விளக்கு மாட்டுகிறவனுக்குக் கோழிக்கூண்டில் ஒரு பல்பு மாட்டத் தெரியாதா? டைமர் வைத்து, தினமும் பதினாறு மணி நேரம் வெளிச்சம் கொடுத்தேன். சில வாரத்தில் மகாராணி மறுபடி முட்டையிட்டாள். போனில் சொன்னதும் மகளும் வந்தாள். என்னைப்போல் கெட்டிக்காரன் உண்டா என்று நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, மகாராணி வாலைத் தொங்கப்போட்டு, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டிருந்தாள். தீவனத்தைத் தொடவில்லை. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். "முட்டை உள்ளேயே மாட்டிக்கிட்டிருக்கு. லைட் ஏதும் போடுறீங்களா?"

சொன்னேன்.

"குருவி தலையில பனங்காயை வெச்சிருக்கீங்க. உடம்புல இருந்த கால்சியமெல்லாம் ஓட்டுக்கே போயிடுச்சு. முக்குறதுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?"

ஊசி போட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் மகாராணியை உட்காரவைத்து, இருபது நிமிடம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் என் கையில் பாரத்தைப் போட்டுக் கண்ணை மூடினாள். என் பிள்ளையை வரவழைக்க இந்த உடம்பைப் போய்ப் பிழிந்தேனே என்று வெட்கமாக இருந்தது. மதியத்துக்குள் தோல்போல் மெலிந்த ஓட்டோடு முட்டை வெளியே வந்தது.

"லைட்டைக் கழட்டிடுங்க. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். மறுபடி இப்படி ஆச்சுன்னா, முட்டையே போடாம இருக்க தோலுக்கடியில மருந்து வெச்சிடலாம். முட்டை வேணுமா, கோழி வேணுமா, நீங்களே சொல்லுங்க."

எனக்குக் கோழியும் வேண்டும், முட்டையும் வேண்டும். எல்லாவற்றையும்விட மகள் வேண்டும்.

பல்பைக் கழற்றிவிட்டேன். ஆனால் புத்தி சும்மா இருக்குமா? சனிக்கிழமை கடையில் ஒரு பழுப்பு முட்டை வாங்கிவந்து வைக்கோலில் வைத்தேன்.

மகள் வந்தாள். எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, மகாராணி தேதியெல்லாம் போட்டு, சீல் குத்தியா முட்டை போடுது?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். பல்பு, ஊசி, தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இனி மாதக்கணக்கில் முட்டை வராது, ஒருவேளை எப்போதுமே வராது என்றேன். அவள் கோழியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இறகைக் கோதினாள்.

"முட்டை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான்பா வருவேன்," என்றாள். "அப்பாவைப் பாக்கணும்னு சொன்னா அம்மா முகம் ஒரு மாதிரி ஆயிடும். நடுவுல முட்டை இல்ல, அதான் வரல. இனிமே என்னன்னு சொல்றது?"

நான் முட்டையைக் காட்டி அவளை இழுத்துக்கொண்டிருக்க, அவள் முட்டையைச் சொல்லி என்னிடம் வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

கீழே ஹாரன் அடித்தது.

"கோழிக்கு மருந்து குடுக்கணும்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. அப்பாவுக்கு உன்னை ரொம்பத் தேடுதுன்னு சொல்லு."

"நான் சொன்னா திட்டுவாங்க. நீங்க வந்து சொல்றீங்களா?"

இந்த இரண்டு வருடத்தில், கீழே அந்த ஸ்கூட்டர் நிற்கும் நேரத்தில் நான் வாசலைத் தாண்டியதில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.