சோம்பேறி ஃபண்டு

அக்காவைக் கட்டியவர் இவர். தங்கையைக் கட்டியவர் சகலை. இரண்டு பேருக்கும் ஒரே முதலீட்டுக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேஜை. எந்தப் பங்கு ஏறும் என்று மோப்பம் பிடிப்பதில் இவர் மன்னன். சகலையோ ஒருநாள் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாய் ஒரு ஃபண்டு தொடங்கினார். சந்தையில் இருக்கிற கம்பெனி அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது. கட்டணமென்று பேருக்கு ஏதோ எடுத்துக்கொள்வது. அதுவரை அங்கே யாரும் செய்யாத காரியம். இவர் அதற்குச் 'சோம்பேறி ஃபண்டு' என்று பேர் வைத்தார்.

மாமனார் வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார். "எல்லாத்தையும் வாங்கிப் போடுறதுக்கு மூளை எதுக்கு சகலை?"

"மூளைக்குத்தான் கூலி அதிகம். அதான் வேண்டாம்னுட்டேன்."

மாமனாரே சிரித்துவிட்டார். அன்று பிடித்தது இவருக்கு வயிற்றெரிச்சல்.

பணத்தால் வந்த எரிச்சல் இல்லை அது. வீடு, கார், சம்பளம் எல்லாவற்றிலும் இவர்தான் மேலே. சகலை பழைய ஸ்கூட்டரில்தான் வந்து இறங்குவார். ஆனால் பேர்? பஸ் டிரைவரும் பள்ளிக்கூட டீச்சரும் அவரை நம்பித்தான் சேமிப்பைப் போட்டார்கள். சந்தை சரிந்த வருஷம், "ஒண்ணும் பண்ணாதீங்க, போய்த் தூங்குங்க" என்று அவர் சொன்னதை ஊரே வேதவாக்காய் எடுத்துக்கொண்டது. ஒரு தடவை பல் டாக்டர் இவர் வாய்க்குள் மிஷினை ஓடவிட்டுக்கொண்டே, "உங்க சகலை புண்ணியத்துலதான் சார் இந்த கிளினிக்கே வந்துது" என்றார். வாய் முழுக்கத் திறந்திருந்தும் இவரால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு, கம்பெனியில் தான் பங்கு பொறுக்கிப்போட்ட ஃபண்டு, சகலையின் ஃபண்டு இரண்டின் வரலாற்றையும் ஆதியோடந்தமாய் அலசினார். அலசி முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நேரே சகலை வீட்டுக்குப் போனார்.

"நான் பொறுக்கின பங்கெல்லாம் உங்க ஃபண்டைவிட நல்லா ஏறியிருக்கு. எங்க கம்பெனி எடுத்த கட்டணம்தான் அதை முழுங்கிடுச்சு."

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சகலை நிமிர்ந்தார். "நீங்க கெட்டிக்காரர்னு எனக்கு அப்பவே தெரியும். பக்கத்துலேயே உக்காந்து பாத்தவன்தானே? உங்களாலயே அந்தக் கட்டணத்தைத் தாண்ட முடியலேன்னா வேற யாரால முடியும்? அதை யோசிச்சுத்தான் வேலையை விட்டேன்."

கேட்க வந்ததைக் கேட்டாயிற்று; சந்தோஷம்தான் வரவில்லை. என்னைப் பார்த்தே இந்த மனுஷன் பேர் வாங்கிவிட்டாரே என்று புதிதாய் ஓர் எரிச்சல் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். "நம்ம பணத்தை எடுத்து உன் தங்கச்சி புருஷன் ஃபண்டுல போட்டுடு."

"உங்க பேர்லயா?"

"உன் பேர்ல. அவர் காதுக்குப் போகக்கூடாது."

சரியென்று தலையாட்டிவிட்டு அவள் உள்ளே போனாள். அடுத்த நிமிஷமே தங்கையோடு போனில் பேசுகிற குரல் கேட்டது. இவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.