தகரத்தைத் தாண்டிய காற்று

ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு தகரம் அடித்த பிறகுதான் தாராவின் வீட்டில் தூசி அதிகமானது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சைனைட் மேட்டுக்கும் அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவே இடுக்கே இல்லாத சுவர் நிற்கிறது. ஆனாலும் விடிந்தால் வீட்டுப் புத்தர் சிலையின் மடியில் மாவு கொட்டியதுபோல் வெள்ளைப் பொடி. மகள் நளினிக்கு மூச்சு இழுத்தது.

சயனைடு கலந்து தங்கம் எடுத்தபின் கொட்டிய பாறைப்பொடி மலையாகக் குவிந்ததுதான் மைசூர் மைன்ஸ் பக்கத்து அந்த மேடு. அது பறக்காதிருக்கச் சரிவில் புல் நட்டு, கட்டடம் கூடாதென்று அரசு வேலி போட்டிருந்தது. இப்போது ஒரு பில்டர் வேலியைப் பிரித்து, அடிவாரப் புல்லைச் சுரண்டி, வில்லா கட்ட அனுமதி கேட்கிறான். லைன் ஜனங்கள் எதிர்த்தார்கள். பிறகு, சுவர் வைத்துத் தூசியை நிறுத்தினால் ஒத்துக்கொள்வதாக அவர்களே வாய் விட்டுவிட்டார்கள். பில்டரும் உடனே தகரம் அடித்துவிட்டான். அனுமதி தரலாமா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வருகிறார்.

"அண்டர்கிரவுண்ட்ல தார்ப்பாய் கட்டினா காத்து அப்டியே நின்னுடும். இதுக்கு இன்னா கேடு?" என்றான் கணவன் கௌதமன். சுரங்கம் மூடும்வரை வேலை பார்த்தவன்.

"தகரம் கேட்டதே நீதான, மேஸ்திரி! அங்க தலைக்கு மேல பாறை. இங்க மேல இன்னா கீது?" என்றாள் தாரா.

கௌதமன் நிமிர்ந்து பார்த்தான். வானம் இருந்தது.

சாயங்காலம் காற்று எழுந்தபோது இருவரும் தகரத்தின் அருகே போய் நின்றார்கள். புல் போன அடிவாரம் முழுவதும் மெல்லப் புகைந்தது. வெயிலில் மின்னிய வெண்பொடி ஆறுபோல் வந்து, தகரத்தில் முட்டி, மேலே ஏறி, ஒரே பாய்ச்சலாய்த் தாண்டியது. தாண்டியதும் சுருண்டு கீழே இறங்கியது. இறங்கிய இடம் அவர்கள் லைன். அடைத்த காற்று நிற்கவில்லை. இன்னும் வேகமெடுத்துக் குதித்தது. கண் எரிந்தும் அவளால் பார்வையை எடுக்க முடியவில்லை.

சற்றுத் தள்ளி, தகரம் இல்லாத இடத்தில், அதே லைன் பழனியம்மாவின் ஆட்டுப்பட்டியைச் சுற்றி மூங்கில் தட்டி. அங்கே பொடி பறக்கவில்லை. தட்டியின் இருபக்கமும் அலை அலையாய், தூங்குவதுபோல் படிந்திருந்தது. பிளந்த மூங்கில் பிளாச்சுகளின் இடுக்கில் காற்றில் பாதி நுழைந்து போயிற்று. குதிக்கத் தேவையில்லாத காற்று வேகம் குறைந்தது. வேகம் போனதும் சுமந்த பொடியைக் கீழே போட்டுவிட்டது.

"எம்மா எம்மா…" என்று வியந்தான் கௌதமன்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரியை அவ்விரண்டு இடத்திலும் நிறுத்திக் காட்டினாள் தாரா.

"தகரத்தை இன்னும் உயர்த்திடலாம், சார்," என்றான் பில்டரின் ஆள்.

"உயர்த்துங்க, அந்தாண்ட பாலகாட் மைன்ஸ் வரைக்கும் போய் விழும்," என்றாள் பழனியம்மா. கூட்டம் சிரித்தது.

"வில்லாவும் சுவர்தான, சார்? புல்லையும் எடுத்துட்டு, தகரத்தைவிடப் பெருசா ஒண்ணு நிக்க வெக்கிறாங்க," என்றாள் தாரா.

அதிகாரி தலையில் படிந்த பொடியைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு உத்தரவைச் சொன்னார்: சரிவில் வீடு கட்டக்கூடாது, தகரத்தைக் கழற்றவேண்டும், புல் போன இடத்தில் பாதி பிளாச்சு, பாதி இடுக்காகத் தட்டிகளை வரிசையாக நட்டு, அவற்றின் அடியில் பொடி படியப் படியப் புல் வைக்கவேண்டும்.