எழுத்தில்லாத பக்கங்களைப் பற்றி ஒரு புகார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள்: படக்கதைப் பக்கமே வராத பெரியவர்கள் எந்த நூலில் தொடங்கலாம்? சிறுவர் சாகசமெல்லாம் வேண்டாம். நோய், பிரிவு, திருமணம் என்று வாழ்க்கையைச் சொல்பவை வேண்டும். உட்கார்ந்தேன். நூல்களின் பெயர்களுக்குப் பதில் ரவூப் வந்து நின்றார். நானே உண்டாக்கிய ஆள்தான், ஆனால் போகச் சொன்னால் போகிறவராக இல்லை.

2

முதல் தொடக்கம்: ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தைவிட்டு ரவூப் வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, அவர் மனத்திலும்

(வேண்டாம். சிங்கப்பூர்க் கதை என்றாலே மழை பெய்தாக வேண்டுமா?)

இரண்டாவது: ரவூப் ஃபேரர் பார்க்கில் கைலிக்கடை வைத்திருப்பவர். சரக்கு வந்ததும் ஒவ்வொரு கைலியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓர் இழை விட்டிருந்தாலும் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். மனைவி மைமூன் இறந்த பிறகு, மகள் இன்ஷா நல்ல வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போனாள். அவளுடைய முதல் படக்கதை நூல் வெளிவந்தது. அதையும் அவர் அப்படித்தான் பிடித்துப் பார்த்தார்.

சரி, இது நிற்கும்.

3

கட்டங்களுக்குள் இருந்த எழுத்தையெல்லாம் கடையில் ஈ ஓட்டிய நேரத்தில் மடமடவென்று படித்து முடித்தார். நடுவில் சில பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. மகளை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துப்போய், அவளிடம் கேட்காமலே அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"எழுத்து விட்டுப்போச்சு. எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டு ஒழுங்கா அடிச்சுக் கொடுங்க."

செய்தி இன்ஷாவுக்குப் போயிற்று. "வாப்பா, அது அப்படித்தான்," என்றாள். அதோடு சரி. கொஞ்ச காலம் முன்புதான் தோ பாயோவுக்கு வாடகைக்குப் போயிருந்தவள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் வாப்பா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

[சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் மகளுக்காக ஊரோடு சண்டைக்குப் போகிற மனிதரைப் பார்த்து எவ்வளவு நேரம் சிரிப்பது?]

4

மகள் திரும்பி வரவேண்டும். அதற்கு அந்த நூல் முதலில் பிடிபட வேண்டும். ஆகவே லிட்டில் இந்தியாவில் சுஷ்மிதா நடத்தும் புத்தகக் கடைக்குள் நுழைந்தார். சுஷ்மிதாவுக்கு இவர் யாரென்று தெரியாது.

"பெரியவங்க படிக்கிற படக்கதை, புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு ஒண்ணு கொடும்மா."

அவள் யோசிக்கவே இல்லை. இன்ஷாவின் நூலை எடுத்து நீட்டினாள். "ஃபர்ஸ்ட் டைம் படிக்கிறவங்களுக்கு இதைத்தான் ரெக்கமண்ட் பண்ணுவேன், அங்கிள்."

(தற்செயல் அல்ல, நான்தான் கொடுக்கவைத்தேன். கேட்ட கட்டுரைக்கு நான் செய்த ஒரே நியாயம் இது.)

"இதுல பாதி எழுத்தே இல்லையேம்மா!"

"எழுத்தைத் தேடாதீங்க லா. படத்துல இருக்கிற ஆளு என்ன பண்றாருன்னு பாருங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்சம் நில்லுங்க."

நின்றார். ஒரு சமையலறை. ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் கலக்குகிறார். இரண்டு கோப்பைகளை மேசையில் எதிரெதிரே வைக்கிறார். எதிர் நாற்காலி காலி. தன்னுடையதைக் குடிக்கிறார். மற்றதைத் தட்டால் மூடிவைக்கிறார். கடைசியில் அதைத் தொட்டியில் கொட்டிக் கழுவிக் கவிழ்க்கிறார்.

படத்திலிருந்த சன்னல் ரவூப் வீட்டுச் சன்னல். முதுகு அவருடையது. மைமூன் போன பிறகு பல காலைகள் அப்படித்தான் கழிந்தன. யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நெஞ்சுக்கு இதமாக இருந்தது. அந்தக் காலைகளில் அவர் தனியாக இருக்கவில்லை.

5

முடிவுகள். (அ) மகள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தொலைக்காட்சித் தொடருக்கு ஆகும். (ஆ) பேசாமல் வீடு திரும்பி, நூலை அலமாரியில் வைத்துப்

இதை நான் எழுத மாட்டேன். இவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கடை வாசலில் நின்று மகளுக்குப் போன் செய்தார்.

"சொல்லுங்க வாப்பா."

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"நான் டீ போடுறப்ப நீ எங்கம்மா நின்ன?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஏன் வாப்பா?"

"தெரிஞ்சிருந்தா உன்னைக் கூப்பிட்டிருப்பேன்ல. நல்ல டீம்மா அது. தினமும் கீழ கொட்டிட்டேன்."

இன்ஷா என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அவள் எங்கே நின்றிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தோன்றுகிற இடத்தில் அவளை நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலை அங்கிருந்தே அவள் சொல்லட்டும்.