பின்வாசல் விளக்கு

பேட்டரியைத் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும் என்று ஓரகத்திகள் இருவரில் மூத்தவள் ஒரே பிடியாக நின்றாள். ராத்திரியில் அவள் மூச்சுக்குத் துணை ஒரு சின்ன இயந்திரம்தான். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். எழுந்து உட்கார்ந்து, எப்போது விடியும் என்று காத்திருப்பாள். வெளியூரில் இருக்கும் மகள் அதற்காகத்தான் இந்தப் பேட்டரிக்கு ஏற்பாடு செய்திருந்தாள்.

“தூங்கற ரூம்ல வைக்கவே கூடாதும்மா,” என்றார் பேட்டரிக்காரர்.

“அப்போ மாடிப்படிக்குக் கீழ வைங்க தம்பி. அந்த இடம் சும்மாதான் கிடக்கு.”

“ஏதாவது ஆச்சுன்னா நீங்க வெளிய ஓட வேண்டிய வழியே அதுதான். அங்கயும் கூடாது.”

“என்ன தம்பி, பேட்டரியை வைக்கச் சொன்னா புலியைக் கட்டி வைக்கிற மாதிரி பேசறீங்க?”

“புலின்னே வெச்சுக்குங்க. வெளிச்சுவர்ல, நிழல் பார்த்து, ஜன்னலை விட்டுத் தள்ளி மாட்டிட்டா சாதுவா கிடக்கும்.”

மூத்தவளின் வாயை அடைத்தவர்கள் அந்தத் தெருவில் அதிகம் பேர் இல்லை.

கடைசியில் பின்வாசலை அடுத்த சுவர் முடிவானது. அது அடுத்திருந்த இளையவள் வீட்டைப் பார்த்த சுவர் என்பதால் அவளுக்கு அதிலும் முணுமுணுப்புதான். பேட்டரிக்காரர் காதில் போட்டுக்கொள்ளாமல் சுவரைத் தட்டிப் பார்த்து, துளை போட்டு, இரும்புச் சட்டத்தை முடுக்கினார். பிறகு மெயினை அணைத்தார். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது, ஃப்ரிட்ஜ் அடங்கியது. அப்படியும் மனிதர் நம்பவில்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தபடி பின்வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். விடியும்போது அவள் போட்டுவிட்டு அணைக்க மறந்த பல்பு அங்கே எரிந்துகொண்டிருந்தது.

“மெயின் ஆஃப்ல இருக்கு. இது மட்டும் எப்படிம்மா எரியுது?”

அந்த வயரை மூத்தவள் மறந்தே போயிருந்தாள்.

அப்போதெல்லாம் இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு லைன். ஒரு பக்கம் போனால் மறுபக்கம் இருக்கும். அவள் வீட்டுக்காரரான அண்ணனும் அடுத்த வீட்டுத் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி, சுவர் தாண்டி வயர் இழுத்து, ஆளுக்கொரு பல்பை அடுத்தவர் வீட்டுக் கரண்டில் எரிய விட்டார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு மருமகள்களும் சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது. அதன் பிறகு கரண்ட் போனால் கொண்டாட்டம்தான். இந்தப் பல்புக்குக் கீழே இரண்டு குடும்பமும் வந்து உட்கார்ந்துவிடும். இளையவள் மாமியாரைப் போலவே நடந்து காட்டுவாள். மாமியாரே அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். என்ன நாட்கள் அவை! நினைத்தாலே நெஞ்சு நிறைந்துவிடும்.

பிறகு தெருவுக்கே ஒரே லைன் வந்தது. போனால் எல்லா வீட்டிலும் சேர்ந்தே போயிற்று. தம்பி முதலில் போய்ச் சேர்ந்தார், பிறகு அண்ணன். அண்ணனைக் கிடத்தியிருந்த கூடத்தில், அத்தனை பேர் முன்னால், “கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்,” என்றாள் இளையவள். அழுகையில் வந்த பேச்சுதான். ஆனால் அன்றோடு மூத்தவள் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள். இளையவள் இரண்டு தடவை வாசல் வரை வந்து பார்த்தாள், கதவு திறக்கவில்லை. அப்புறம் அவளும் வருவதில்லை. வீம்பில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை, வயரையெல்லாம் அன்றே பிடுங்கிப் போட்டிருப்பாள் என்றுதான் யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

“ரெண்டு வீட்டு வயரும் ஒரே பெட்டிக்குள்ள கிடக்கு,” என்றார் பேட்டரிக்காரர், பின்வாசல் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்த்து. “தெருவுல கரண்டை நிறுத்திட்டு ஒருத்தன் கம்பத்துல ஏறி நிப்பான். நம்ம பேட்டரி கரண்ட் அந்த வீட்டு வழியா அவன் கைக்குப் போயிடும். அந்தப் பக்கம் அணைச்சு, இதை வெட்டாம நான் பேட்டரியைச் சேர்க்க மாட்டேன்.”

“நீங்களே போய்ச் சொல்லுங்களேன் தம்பி.”

“நான் யாரும்மா? வீட்டுக்காரங்க நீங்கதான் சொல்லணும்.”

பேட்டரி வந்த பெட்டிமேல் அவர் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூத்தவள் படியிறங்கினாள்.

கதவைத் திறந்த இளையவளின் தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதைக் கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறோமே என்று மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

“வீட்டுல பேட்டரி போடறோம். அந்தப் பழைய வயரை எடுக்கணுமாம்.”

“எடுத்துத்தான் ஆகணுமா?”

“இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்கறவன் செத்துடுவானாம்.”

இளையவள் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அடுப்புக்கு மேலே பழைய ஸ்விட்ச் பெட்டி. அதில் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு எரிந்தது.

“உங்க பின்வாசல் பல்பு எரிஞ்சா இதுவும் எரியும். கரண்டைக் கடன் வாங்கறது யாருன்னு தெரியணும்னு உங்க வீட்டுக்காரர் கிண்டலுக்கு மாட்டினது.”

“இன்னுமா இதை வெச்சிருக்கே?”

“காலையில இது எரிஞ்சா நீங்க எழுந்துட்டீங்கன்னு அர்த்தம். அப்புறம்தான் நான் டீ போடுவேன். ஒருநாள் எரியவே இல்ல. செருப்புகூடப் போடாம உங்க வாசலுக்கு ஓடி வந்தேன். உள்ள நீங்க இருமறது கேட்டுது. திரும்பிட்டேன்.”

மூத்தவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலம் தான் தனியாகக் கிடப்பதாக எண்ணி எத்தனை ராத்திரி அழுதிருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

“அணைச்சாச்சாம்மா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேட்டரிக்காரர் குரல் கொடுத்தார்.

இளையவள் ஸ்விட்சில் கையை வைத்தாள். அழுத்தவில்லை.

“இனிமே நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

மூத்தவள் அவள் கையை விலக்கிவிட்டுத் தானே ஸ்விட்சை அணைத்தாள்.

“நாளையிலேர்ந்து டீயை அங்க வந்து குடி. நான் போட்டு வைக்கிறேன்.”

“எனக்குச் சர்க்கரை போடாதீங்கக்கா. டாக்டர் நிறுத்தச் சொல்லி ரொம்ப நாளாச்சு.”

“எப்போலேர்ந்துடி?” என்று கேட்ட மூத்தவள், பதிலுக்குக் காத்திராமல் அழ ஆரம்பித்தாள்.