ரேடார் மேட்டின் ஐந்தாவது பெயர்

கொடைக்கானல் மலையில், போளூருக்கு மேலே உள்ள ரேடார் மேட்டில் நான்தான் வழிகாட்டி. தலையில் பச்சைத் தொப்பி, கழுத்தில் அட்டை, வாயில் கொடைக்கானல் ஓட்டல்களில் பொறுக்கிய இங்கிலீஷ். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் விமானத்தைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரன் இங்கே ரேடார் வைத்தான். விமானம் வரவே இல்லை. மஞ்சு மூட்டம் மட்டும் தினமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. இப்போது மிச்சம் ஒரு சிமெண்டுத் தளமும், காய்ச்சலில் செத்த நான்கு சிப்பாய்களின் பெயர்ப் பலகையும்தான்.

நான் ஐந்தாவதாக ஒரு பெயர் சொல்வேன்: வேலுச்சாமி. ரேடார் இரும்பைத் தலையில் சுமந்து ஏறியவர், சுமையோடு பள்ளத்தில் விழுந்தார். மகள் காளியாயி அப்போது வயிற்றில். அப்பன் முகம் பார்க்காத அந்த ஆத்தாவுக்கு, யாரோ நாலு பேர் காதில் அவர் பெயர் விழுவதே பெரிசு. ஒவ்வொரு அறுப்புக்கும் அவளிடமிருந்து எனக்கு ஒரு கட்டு பூண்டு வந்துவிடும்.

சுற்றுலாக்காரர்களுக்காக இந்த மேட்டில் நினைவுப் பாதையை நடத்தும் குழுவிலிருந்து லாவண்யா மேடம் வந்தார். பலகையில் இல்லாததைச் சொல்லக் கூடாதாம். பழைய ராணுவக் காகிதத்தின் நகலைக் காட்டினார். 'கூலிகள், முப்பத்திரண்டு' என்றிருந்தது. ஒரு பெயரும் இல்லை. வாதாடினேன் என்று எழுத ஆசைதான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஓகே மேடம்" என்றேன்.

அன்றிலிருந்து நான்கு பெயர்தான். பூண்டு நிற்கவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

போன வாரம் ஆத்தாவே மேட்டுக்கு ஏறி வந்துவிட்டாள். எண்பத்திரண்டு வயது, மடியில் பூண்டு. சுற்றுலாக் கும்பலோடு மேடமும் நின்றார். எல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கும், அந்தப் பக்கம் போய் இளவெயிலில் குளிருக்கு இதமாக உட்காருங்கள் என்று ஆத்தாவைக் கிளப்பப் பார்த்தேன்.

"இங்கிலீசு எனக்கெதுக்குப்பா? எங்கப்பன் பேரு தெரியுமே. நீ வெரசா ஆரம்பி."

பலகையை வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலை நிமிர்ந்து தாழ்ந்தது. நான்காவதோடு நிறுத்தினேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தளத்தின் நீள அகலத்துக்குத் தாவிவிட்டேன்.

கும்பல் படம் எடுக்க நகர்ந்ததும் ஆத்தா பக்கத்தில் வந்தாள்.

"எந்த இடத்துலப்பா சொன்னே? இங்கிலீசுல அவரு பேரு வேற மாதிரி கேக்குமோ?"

"ஆமா ஆத்தா. வேற மாதிரிதான் கேக்கும்."

"கடைசியா சொன்னியே, அதுவா?"

தலையாட்டினேன்.

கடைசிப் பெயர் ஹார்கிரீவ்ஸ். பூண்டை என் கையில் வைத்துவிட்டு அவள் இறங்கினாள். ஆர்கிரீவு, ஆர்கிரீவு என்று, மறந்துவிடாமலிருக்க, வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.