கண்ணாடிப் பெட்டியில் சேட்டு

சேட்டுவுக்கு இதய வால்வு பழுது. வரப்பில் நாலடி வைத்தால் மூச்சு இரைக்கும். அவன் கால் ரத்தக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, அதிலிருந்த உயிரணுக்களைக் கொண்டே புது வால்வு வளர்ப்பதாகச் சென்னை மருத்துவமனையில் சொன்னார்கள். வளர்ந்தும் விட்டது. வியாழக்கிழமை பொருத்த வேண்டும். திங்களன்று பார்த்து, ஊரில், காவாந்தண்டலத்தில், அவன் சித்தப்பா இறந்துபோனார்.

பங்காளி வீடுகள் அத்தனைக்கும் தீட்டு. மூத்த பங்காளி வேதகிரி வந்து, பதினாறாம் நாள் கருமாதி முடியாமல் உடம்பில் கத்தி படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அறுவையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க, சேட்டுவின் மனைவி சசிரேகா மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் சாந்தினி கோபிக்கவில்லை. தள்ளிவைத்தால் வால்வின் இதழ்கள் சுருங்கிவிடும், இன்னொன்று வளர்க்கும்வரை சேட்டு தாங்க மாட்டார் என்றார். சசிரேகாவுக்குப் புரிந்தது. ஆனால் தீட்டில் அறுத்து ஏதாவது ஆகிவிட்டால் ஊர் அவளைத்தான் சொல்லும்.

"அத்தப் பாக்கலாமா, டாக்டரம்மா?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், நுங்குத் தோல்போல வெளுப்பாக மூன்று இதழ்கள். விரிந்தன. மூடின. விரிந்தன. பம்பு தள்ளும் தண்ணீருக்குத்தான் அசைகிறது, ஆனால் உயிருள்ள சதை என்றார் சாந்தினி.

சசிரேகா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஊரில் கட்டிலில் கிடக்கிற மனுஷன் இங்கேயும் இருந்தான்.

"இது அவுருதானே?"

"அவரேதான். வேற யாரோடதும் ஒரு துளி இல்ல."

"அப்ப இதுக்கும் தீட்டு உண்டு."

சாந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டார். சசிரேகா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிணம் எடுக்கும்வரை பங்காளி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கழனியில் யாரும் இறங்கவில்லை. அதே ரத்தம் இங்கே ஒரு நொடி நிற்கவில்லை. யாரையும் கேட்கவுமில்லை.

வெளியே வந்து வேதகிரிக்குப் போன் போட்டாள்.

"மாமா, அது தீட்டுலயும் வேல செஞ்சிக்கினு கீது. நான் பாத்தேன். நாளைக்கு அவுர இட்டுக்கினு வந்து சேக்கப் போறேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். வேதகிரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்டிம்மா கீது அது?"

இன்னொரு தரம் பார்த்துச் சொல்ல, போனைக் காதில் வைத்தபடியே கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பி நடந்தாள்.